கவிதாவுக்கு நான் தராத அட்டைகள்

1

இன்று இந்த ஊரில் சரஸ்வதி பூஜை. ஆமாம், தை மாதக் குளிரில்தான். நம் ஊரில் நவராத்திரிக்கு வந்துபோன அதே சரஸ்வதி இங்கே தனியாக, வீணையும் அன்னமுமாக, இன்னொரு தடவை வருவாள். ஆகவே எங்களைப் போல வேலைக்காக வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வருடத்தில் இரண்டு சரஸ்வதி பூஜை. புத்தகம் தொடக்கூடாத நாளும் இரண்டு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கல்கத்தாவின் டாக்குரியா பகுதியில் நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரம்மா. மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். நம் ஊர்ப் பெரியம்மா, சித்தி மாதிரி. காலையிலேயே மூச்சு வாங்கப் படியேறி வந்து, என் கையிலிருந்த செய்தித்தாளை உருவிக்கொண்டு போய்விட்டாள். “ஆஜ் பொடா பாரோண்!” இன்றைக்கு வாசிக்கத் தடை. எழுதவும் தடைதான். அதனால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலால் எழுதுகிறேன். இரண்டரை வயது மகள் மட்டும் சாட்சி. ஜன்னல் வழியே மதில்மேல் நின்ற பூனையைக் காட்டி வங்காளத்தில் “பேரால்” என்கிறாள். “பூனை” என்கிறேன். பாவம், அம்மாவுக்குப் பேச வரவில்லை என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாக மறுபடியும் “பே-ரால்” என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் இதே பூஜை நாளில், கவிதா என்ற பதினொரு வயதுப் பெண்ணுக்கு நான் எட்டு மாதமாகச் செய்துவந்த ஒரு தவறு எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் பி.எட். முடித்த கையோடு கல்யாணம். கணவருக்குக் கிடர்பூர் துறைமுகப் பக்கம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. சான்றிதழை லேமினேட் செய்து பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்கும் கீழே வைத்துக் கொண்டுவந்தேன். வந்த மாதமே ஆசிரியர் வேலைக்குப் பதிவு செய்துகொள்ள ஓர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் என் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் அவராகவே ‘மாத்ராஜி’, அதாவது மதராஸி, என்று எழுதினார்.

“அப்படி ஒரு மொழி இல்லை” என்றேன், என் அரைகுறை இந்தியில்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், இத்தனை பேரும் அதைத்தான் பேசுகிறீர்கள். எப்படி இல்லாமல் போகும்?”

எழுதியதை மாற்ற வேண்டுமென்றால் நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார். வாங்கிப் போனேன். அதில் அப்பா பெயர் இருக்கிறது, கணவர் பெயர் இல்லை என்றார். கணவர் பெயரோடு போனேன். இப்போது படிவமே பழசாகிவிட்டது, புதுப் படிவம் அச்சாகி வரவில்லை என்றார். நாலாவது தடவை போனபோது உட்காரச் சொல்லி மண்குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். வேலை மட்டும் வரவில்லை. இன்றைக்கும் ஏதோ ஒரு பதிவேட்டில் நான் மாத்ராஜி பேசுகிற ஆசிரியையாகவே இருப்பேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் பதினைந்து இருபது தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாகக் கணவர் சொன்னார். அப்பாக்கள் எல்லாம் மாற்றலாகி வந்தவர்கள். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் பஸ்ஸில் இருந்தேன். கிடர்பூரில் இறங்கி, கைவண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஓடி, அடுத்த பஸ். குவார்ட்டர்ஸ் மன்றத்தில் கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்கினேன். பதினொரு பிள்ளைகள். முதல் நாளே ஒருத்தி “தீதி, ஜல் கிடைக்குமா?” என்றாள். அக்கா, தண்ணீர். எனக்குப் புரிந்தது, புரிந்ததில் எனக்கே சந்தோஷம்.

3

உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று அட்டவணையை மாட்டி அ, ஆ சொல்லவைத்தால் மூன்று வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் பாட்டாகப் பாடிவிடும். ஒரு சொல்லைக் காட்டினால் முழிக்கும். ‘அம்மா’வைக் கூட ‘அ… ம்… மா…’ என்று மூன்று துண்டாக்கிவிட்டு, அது யார் என்று என்னையே கேட்கும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோன்றியதும் பஸ்ஸிலேயே கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். எழுத்தாகக் கற்றுக்கொடுக்கக் கூடாது, அசையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்! செய்யுளுக்கு அசை பிரிக்கப் பள்ளியில் படித்தோமே, அதில் நேரசைக்கு நாலு வடிவம். குறில் தனியாக: ப. நெடில் தனியாக: பா. குறிலோடு ஒரு புள்ளி எழுத்து: பல். நெடிலோடு ஒரு புள்ளி எழுத்து: பால். தமிழில் அநேகமாக எந்தச் சொல்லையும் இந்த நாலுக்குள் அடக்கிவிடலாம். அம்-மா. தண்-ணீர். பள்-ளிக்-கூ-டம். நாலு பெட்டி, நாலு தட்டு. குறிலுக்கு விரலால் ஒரு சொடக்கு. நெடிலுக்குக் கையை நீட்டி ஒரு வீச்சு. புள்ளி வந்தால் உள்ளங்கையை மூடு.

“நீ பஸ்ல கைய வீசாத, பக்கத்துல இருக்கற ஆள் இறங்கிருவாரு” என்றார் கணவர். ஆனால் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய கோப்பு அட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து கொடுத்ததும் அவர்தான். நாலு நிறம் இருந்தது. குறிலுக்கு மஞ்சள், நெடிலுக்குப் பச்சை, குறிலும் புள்ளியும் ரோஸ், நெடிலும் புள்ளியும் நீலம். முந்நூறுக்கு மேல் அட்டைகள் வெட்டி எழுதினேன். கட்டைவிரலில் காய்ப்பே வந்துவிட்டது.

பிள்ளைகள் பறந்தார்கள். அட்டைகளை வரிசையாகத் தரையில் அடுக்கினால் போதும், ரயில் ஓடுகிற மாதிரி வாசித்தார்கள். அம்மாக்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெற்றிலைக் கையைக் கன்னத்தில் வைத்து வியந்தார்கள். நான் ஊரில் இருக்கும் தோழிக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினேன், ஒரு முறையைக் கண்டுபிடித்துவிட்டதாக. பாடநூலா? அது அடுத்த கட்டம். அவசரம் என்ன?

4

எல்லாரையும்விட வேகம் கவிதா. முருகேசன் அண்ணாச்சியின் மூத்த மகள். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கவிதாவுக்கு நினைவு தெரிந்து எல்லாமே கார்டன் ரீச். வங்காளத்தில் சண்டை போடுவாள், இந்தியில் கணக்குப் போடுவாள், சாப்பாடு கேட்பதற்கு மட்டும் தமிழ். தங்கை ரேவதி நாலாம் வகுப்பு. அவளை ஒரு நாளாவது கிண்டல் செய்யாமல் விட்டால் கவிதாவுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

மார்கழியில் அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிக்கே மாற்றல் வந்தது. கேட்டு வாங்கிய மாற்றல். வீட்டில் அல்வா கிண்டினார்கள். அடுத்த வாரம் ஊரிலிருந்து கவிதாவின் மாமா கடிதம் போட்டார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரித்தாராம். தலைமை ஆசிரியை, பிள்ளை தமிழ் வாசித்துக் காட்டினால் ஆறாவது, வாசிக்காவிட்டால் நாலாவதில்தான் உட்கார வைக்க முடியும் என்று சொல்லிவிட்டாராம்.

நாலாவது என்றால் ரேவதியின் வகுப்பு.

“ரேவதிகூட ஒரே கிளாஸ்னா நான் வரல” என்றாள் கவிதா. “நீங்க எல்லாரும் போங்க. நான் பக்கத்து வீட்டு மிட்டு மாஷிகூடவே இருந்துக்கறேன்.”

“ஒரே பெஞ்சுக்கா! நான் உனக்கு ரப்பர் தாரேன்” என்றாள் ரேவதி.

“ஏட்டி, ரெண்டு பேரும் வாய மூடுதீங்களா இல்லியா” என்று கத்திவிட்டு அவர்கள் அம்மா பேச்சியக்கா என் பக்கம் திரும்பினாள். “டீச்சர், இவளை எப்படியாவது ஆறாவதுல ஏத்தி விட்டுருங்க. ரெண்டு வருசம் பின்னால போச்சுன்னா ஊர்ல என்ன பேசுவாவ? கல்கத்தாவுல மாடு மேச்சாளாம்பாவ.”

“அக்கா, இவ இப்பவே வாசிப்பா. நீங்க டிக்கெட் எடுங்க” என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

5

ரயில் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் மதியம் என்று அமைந்தது. பூஜை அன்றே கடைசி வகுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊர்ப் பாடநூல் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தேன். தேர்வுக்குப் போகிறவளுக்கு ஒரு தடவை புத்தகத்தைக் காட்டுவது மரியாதை, இல்லையா? மற்றபடி அது எனக்கு வெறும் சடங்கு.

மன்றத்துக்குள் நுழைந்தால் கேரம் போர்டு இருந்த இடத்தில் சரஸ்வதி. பெண் பிள்ளைகள் எல்லாம் அம்மாக்களின் மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு, தடுக்கித் தடுக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தேவியின் காலடியில் கணக்குப் புத்தகம், ஜியாமெட்ரி பாக்ஸ், தபலா, எல்லாவற்றுக்கும் மேலாக என் அட்டைப் பெட்டி. அதன்மேல் பூ.

“நான்தான் வச்சேன் தீதி” என்றாள் கவிதா பெருமையாக. “ஊருக்குப் போனதும் டெஸ்ட் இருக்குல்ல. இலந்தப்பழம் இன்னும் ஒண்ணுகூடத் திங்கல.” பூஜைக்கு முன் இலந்தைப்பழம் தின்றால் பரீட்சையில் கோட்டை விடுவோம் என்பது இங்குள்ள பிள்ளைகளின் நம்பிக்கை.

நான் பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். பூஜைக் கமிட்டியை நடத்தும் அண்ணன் பாபிதா குறுக்கே வந்து நின்றார். நாளைக் காலை தயிர் நைவேத்தியம் ஆகும்வரை எதையும் தொடக்கூடாது என்றார்.

“நாளைக்கு இவள் ரயில் ஏறுகிறாள்!”

“ஏறட்டும் தீதி. இன்றைக்குத் தேவிக்கே விடுமுறை. உங்களுக்கு மட்டும் என்ன ஆபீஸ்?”

என் பையிலிருந்த பாடநூலையும் வாங்கி, சிரித்துக்கொண்டே பூவின் பக்கத்தில் வைத்துவிட்டார். சரி, பேச்சியக்கா என் கட்சிக்கு வருவாள் என்று திரும்பினேன்.

“சாமி முன்னால வச்சத நடுவுல எடுக்கக் கூடாது டீச்சர்” என்றாள் பேச்சியக்கா. “எடுத்தா இருக்கற படிப்பும் போயிரும். நம்மூர்லயும் அப்படித்தான?”

வங்காளமும் தூத்துக்குடியும் ஒன்று சேர்ந்துவிட்டால் நான் என்ன செய்ய?

6

அவர்கள் வீட்டுக்குப் போனோம். பாதி வீடு மூட்டையாகிவிட்டிருந்தது. கிச்சடிப் பிரசாதத்துக்கு அப்பளம் பொரிக்கப் பேச்சியக்கா ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். போன கோடையில் ஊரிலிருந்து வந்த பாக்கெட். மேலே தமிழ். கறுப்பு எழுத்து.

“இதை வாசிக்கலாமா அக்கா?”

அவள் யோசித்தாள். “அப்பளம் புஸ்தகத்துல சேருமா? வாசிங்க, வாசிங்க.”

கவிதா டிரங்குப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து தாளை வாங்கினாள். ‘ஈரம் படாமல் வைக்கவும்.’ மூன்றே சொல். அவள் அட்டைகளில் இதைவிட நீளமாக எத்தனையோ வாசித்திருக்கிறாள்.

“ஈ…” என்றாள். “ர…” நின்றாள். “ம… ப… ட…” மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னடா, தெரிஞ்ச எழுத்துதானே?”

“எழுத்து தெரியுது தீதி. எது ரோஸ், எது பச்சைன்னு மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் எழுத்தையும் நிறத்தையும் பார்த்து அவள் அட்டையை அடையாளம் கண்டிருக்கிறாள். அட்டை எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தியிருக்கிறாள். ஒரு சொல்லை எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதில்தானே வாசிப்பே இருக்கிறது? அந்த வேலையைக் கத்திரிக்கோலும் கையுமாக நானே உட்கார்ந்து முந்நூறு தடவை செய்துவிட்டேன். பிள்ளைக்கு மிச்சம் வைத்தது வர்ணம் மட்டும்.

“கவிதா, புத்தகத்துல கலர் இருக்காது.”

“ஏன் இருக்காது?”

“எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. தப்பு என்மேலதான்.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “அப்ப எதுக்குக் கலர் போட்டீங்க? எட்டு மாசமா வாசி வாசின்னீங்க!” தாளை என் மடியில் எறிந்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வெளியே போய்விட்டாள். பேச்சியக்கா கரண்டியோடு நின்றாள். “என்ன டீச்சர் சொல்லுதீய? அவளுக்கு வாசிக்கத் தெரியாதா?”

“இன்னும் தெரியாது அக்கா.”

அப்பளம் கருகியது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உக்காருங்க, அவ வருவா” என்றாள்.

வந்தாள். இலைத்தட்டில் எனக்கும் சேர்த்துக் கிச்சடி வாங்கிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “என்ன செய்யணும்?” என்றாள்.

கட்டைவிரலால் சொல்லை மூடச் சொன்னேன். ஒரு எழுத்தைத் திற. உடனே சொல்லாதே. அடுத்ததை எட்டிப் பார். தலையில் புள்ளி இருந்தால் அதையும் இந்தப் பக்கம் இழுத்துக்கொள். புள்ளி இல்லையா, இங்கேயே வெட்டு. பேனா கூடாது, கோடு கூடாது. இருந்தது அவளுடைய மஞ்சள் அப்பிய கட்டைவிரல் ஒன்றுதான்.

“ஈ” என்றாள். விரல் நகர்ந்தது. எட்டிப் பார்த்தாள். “ரம்.”

“ம்.”

“ப… டா… மல்.” நிமிர்ந்தாள். “ஈரம் படாமல்! தண்ணி பட்டா நமுத்துப் போயிரும், அதானே?”

பொழுது சாய்கிற வரைக்கும் அந்த ஒரு தாளை வாசித்தோம். உளுந்து, உப்பு, சீரகம், தயாரிப்பாளர் முகவரி. ஒரு வரிக்கு இரண்டு நிமிடம். ரயிலாக ஓடியவள் இப்போது கைவண்டி. இப்படி வாசித்தால் எந்தத் தலைமை ஆசிரியை காத்திருப்பார்? கிடர்பூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அழுகையாக வந்தது. பத்து நாள் மட்டும் கிடைத்திருந்தால்!

7

மறுநாள் ஹௌரா ரயில் நிலையத்தில், பூஜை முடிந்து திரும்பி வந்த அட்டைப் பெட்டியும் பாடநூலும் என் பையில் இருந்தன. மன்றத்திலிருந்து நேரே எடுத்து வந்திருந்தேன். கவிதா பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

“எனக்குத்தானே தீதி?”

“புத்தகம்தான் உனக்கு. ரயில்ல ரெண்டு பகல் இருக்கு. விரலை வச்சு வாசிச்சுக்கிட்டே போ.”

“அட்டை?”

“தர மாட்டேன்.”

“தீதி, டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கறேன். ஒரே ஒரு தடவ.”

“பார்த்தா மறுபடி அதையேதான் தேடுவே, கவிதா.”

முருகேசன் அண்ணாச்சி பெட்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டு வந்தார். “குடுத்தாத்தான் என்ன டீச்சர், பிள்ள ஆசப்படுது” என்றார் மெதுவாக. எனக்கும் கொடுத்துவிடத்தான் ஆசை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பியபோது ரேவதி ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். கவிதா மறுபக்க ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்குச் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் முழுசாகத் தெரியாது. நான் கற்றுக்கொடுத்ததை நானே அவளிடமிருந்து பிடுங்கி, அடுத்ததைப் பாதியில் கொடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறு மற்றப் பிள்ளைகளிடம் ஒரே வெள்ளைத் தாளில், நிறமும் இடைவெளியும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அத்தனை பேரும் வாசிக்க முடியாமல் நின்றுபோனார்கள். மூன்று பேர் அடுத்த வாரம் வரவேயில்லை; கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். தோழிக்கு நான் திரும்ப எழுதவில்லை.

8

பதினோராம் நாள் மாலை மாஷிமா கீழேயிருந்து கூப்பாடு போட்டாள். மெட்ராஸிலிருந்து போன். அவளுக்கு விந்தியத்துக்குத் தெற்கே எல்லாமே மெட்ராஸ்.

“தீதி, நான் கவிதா. எஸ்.டி.டி. பூத்துல இருந்து பேசறேன். அப்பா சீக்கிரம் பேசச் சொல்றாங்க.”

“வாசிச்சியா?”

“வாசிச்சேன். ஒரு பக்கம் குடுத்தாங்க. விரலை வச்சு வச்சு வாசிச்சேனா, வாசல்ல நின்ன பசங்க எல்லாம் சிரிச்சாங்க. பாதியில பெல் அடிச்சிருச்சு. பெரிய டீச்சர் ‘நிறுத்தாதே, முடி’ன்னாங்க. முடிச்சேன். அர்த்தம் கேட்டாங்க. சொன்னேன்.”

“அப்புறம்?”

“அஞ்சாவது.”

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். ஆறும் இல்லை, நாலும் இல்லை.

“முழுப் பரீட்சையில நல்லா எழுதினா ஏழாவதுல பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அது சும்மா சொல்றதுன்னு அம்மா சொல்றாங்க. தீதி, அட்டை குடுத்திருந்தீங்கன்னா ஆறாவதே கிடைச்சிருக்கும்.”

“கிடைச்சிருக்காது, கவிதா.”

“கிடைச்சிருக்கும். நான் எவ்வளவு ஃபாஸ்ட்டு!” அவள் குரலில் இன்னும் அந்த ஹௌரா ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம் அண்ணாச்சி “போதும், வைம்மா” என்பது கேட்டது. மாஷிமா என் எதிரில் நின்று கையால் என்ன, என்ன என்றாள்.

“தீதி, இருங்க இருங்க. இன்னொண்ணு. இந்த ஊர்ல ஒரே தொந்தரவு.”

“என்ன?”

“எல்லாக் கடையிலயும் தமிழ்தான் எழுதியிருக்கு. பஸ்ல, செவுத்துல, எங்க பாத்தாலும். வேணாம்னு நெனச்சாக்கூட வாசிச்சுருது. கண்ண மூடினாத்தான் நிக்குது. சாயங்காலமானா தலை வலிக்குது தீதி. இப்பக்கூட எதுத்தாப்புல ஒரு போர்டு.”

“என்ன போர்டு?”

“மு… டி…” என்றாள். ஒரு நொடி சத்தமில்லை. எட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. “தி… ருத்… த…”

இணைப்பு அறுந்தது.

“கம்” என்றேன் நான், ரிசீவரை வைக்காமல்.